பை ஒட்டும் தோல் புண்ணானால்: அறிகுறி பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

குடியாத்தத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2014இல், பெருங்குடல் புண்ணாகும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் நோய் முற்றியதால் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். இலியாஸ்டமி என்று பெயர். வெளியே தெரியும் அந்தக் குடல்வாய்தான் ஸ்டோமா; அதிலிருந்து வரும் கழிவைப் பிடிக்க அதைச் சுற்றி ஒரு பையை ஒட்டிக்கொள்கிறோம். அதற்கும் முன்பிருந்தே முழங்கையிலும் தலையிலும் எனக்குச் சோரியாசிஸ் என்ற தோல் நோய் உண்டு. இந்த இரண்டும் வயிற்றில் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டபோது பட்ட பாட்டில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். அளவு கொடுக்க வருவதுபோல் கடைக்குள் வந்து, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, "அண்ணா, ஒரு நிமிடம் உள்ளே வரலாமா?" என்று திரைக்குப் பின்னால் சட்டையைத் தூக்கிக் காட்டியவர்களிடம் கற்றதும் இதில் இருக்கிறது.

நான் மருத்துவன் அல்ல. எதை வீட்டிலேயே சரிசெய்யலாம், எதற்கு அன்றைக்கே பஸ் ஏற வேண்டும் என்று பிரித்துப் பார்க்க இது உதவும்; அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம். வயிற்றில் ஒட்டும் பிசின் வளையத்தைச் சிலர் ஃபிளேன்ஜ் என்பார்கள், சிலர் பிளேட் என்பார்கள். நான் தட்டு என்று எழுதுகிறேன்.

எதையும் தடவுவதற்கு முன்: தட்டின் முதுகு

தோல் சிவந்தால் நம் ஆட்கள் முதலில் கேட்பது, என்ன போடலாம் என்பதுதான். பெரியம்மா மஞ்சள் குழைப்பார், பக்கத்து வீட்டுக்காரர் குப்பைமேனிச் சாறு கொண்டுவருவார், மருந்துக்கடைக்காரர் ஒரு டியூபை நீட்டுவார். போடுவது பிறகு. முதலில், கழற்றிய தட்டைச் சுருட்டிக் குப்பையில் எறியாமல் திருப்பிப் பாருங்கள்.

கழற்றுவதற்கு முன்பே தட்டின் மேல்விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய தட்டைப் புத்தகப் பக்கம்போலத் திருப்பினால் இடம் வலமாக மாறிவிடும். அந்தக் கோடு இல்லாவிட்டால் குழம்பிப்போவீர்கள். கோடு மேலே இருக்கும்படி வைத்துக்கொண்டு, தட்டையும் தோலையும் மாறி மாறிப் பாருங்கள். தட்டின் துளையிலிருந்து வெளிவிளிம்பு நோக்கிப் பழுப்பாக ஒரு தடம் ஓடுகிறதா? பிசின் ஒருபக்கம் மட்டும் ஊறி வெளுத்துக் கரைந்திருக்கிறதா? தோலின் புண்ணும் அதே திசையில் இருந்தால் அது கசிவு. சட்டை எங்கே இழுக்கிறது என்பது உள்பக்கத் தையலைப் பார்த்தால் தெரியும் அல்லவா, அதுபோலத்தான்.

தட்டின் முதுகு சுத்தமாக இருந்தும் தோல் மட்டும் புண்ணாக இருந்தால் கசிவின் மீது பழி போடாதீர்கள். ஒவ்வாமை, பூஞ்சை, சோரியாசிஸ், அதைவிட மோசமான ஒன்று எனப் பட்டியல் வேறு பக்கம் திரும்புகிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல்தான் நான் எட்டு மாதம் வீணாக்கினேன்.

அறிகுறி: ஸ்டோமாவை ஒட்டியே சிவப்பு, ஈரம், எரிச்சல்

தண்ணீர் பட்டாலே எரியும். தோல் பளபளவென்று ஈரமாக, மேல்தோல் உரிந்ததுபோல் இருக்கும். பத்துப் பேரில் பெரும்பாலோர் காட்டுவது இதைத்தான்.

சிறுகுடலிலிருந்து வருவது வெறும் கழிவு அல்ல. சோற்றையும் கறியையும் கரைக்கும் செரிமான நொதிகள் அதில் உயிரோடு இருக்கின்றன. நம் தோலையும் அவை அப்படித்தான் நடத்தும், சில மணி நேரத்தில். பெருங்குடலை வெளியே கொண்டுவந்து தைத்த கொலாஸ்டமிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அங்கே வருவது பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். 1952இல் பிரிட்டன் அறுவை மருத்துவர் பிரையன் புரூக், குடல் நுனியைச் சட்டைக் கையை மடிப்பதுபோல் வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையை எழுதினார். குழாய்போல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் திரவம் தோலில் படாமல் நேராகப் பைக்குள் விழும். நம்மில் பலருக்கு இருப்பது அந்த மடிப்புதான். அது உள்ளே இழுத்துக்கொண்டு தட்டையாகிவிட்டாலோ, தோல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டாலோ கசிவு நிற்காது.

முதல் சந்தேகம் துளையின் அளவு. அறுவை முடிந்து ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஸ்டோமா வீக்கம் வடிந்து சுருங்கும். மருத்துவமனையில் வெட்டிக் கொடுத்த அளவையே ஆறு மாதம் வெட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு 40 மில்லிமீட்டரில் தொடங்கியது, இரண்டு மாதத்தில் 28க்கு வந்தது. நான் பழைய காகிதத்தையே வைத்து வெட்டினேன். நடுவில் 6 மில்லிமீட்டர் அகலத்துக்குத் திறந்த தோல் சுற்றிலும் நொதியில் ஊறியது. தையற்காரன் அளவில் ஏமாந்தது வெளியே சொல்ல வெட்கமான விஷயம்.

துளைக்கும் ஸ்டோமாவுக்கும் நடுவே 2 முதல் 3 மில்லிமீட்டர் போதும். எங்கள் கணக்கில் ஒரு நூலுக்கு, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு, சற்றுக் குறைவு. அதைவிட இறுக்கினால் ஸ்டோமாவின் ஓரம் அறுபடும். ஸ்டோமா பெரும்பாலும் வட்டமாக இருப்பதில்லை, முட்டை வடிவம்தான். அதனால் கண்ணாடித் தாளை மேலே பிடித்துப் பேனாவால் வரைந்து, அதை வைத்து வெட்டுங்கள். வளைந்த நுனியுள்ள சிறு கத்திரி நல்லது. வெட்டிய விளிம்பை விரலால் ஒருமுறை தடவி, பிசிறு இல்லாமல் வழவழப்பாக்குங்கள்.

இரண்டாவது, மடிப்பு. படுத்துக்கொண்டு பார்த்தால் வயிறு பலகைபோல் இருக்கும். தையல் மெஷினில் குனிந்து உட்கார்ந்தால்தான் மூன்று மணி, ஒன்பது மணித் திசைகளில் பள்ளம் விழுவது தெரியும். உட்கார்ந்து, நின்று, குனிந்து, மூன்று நிலையிலும் கண்ணாடியில் பாருங்கள். பள்ளத்தை நிரப்பப் பிசின் வளையமோ பேஸ்ட்டோ உண்டு. பேஸ்ட்டில் ஆல்கஹால் கலந்ததும் உண்டு. உரிந்த தோலில் அதை வைத்தால் கூரையைப் பார்த்துக் கத்த வேண்டியதுதான். ஆல்கஹால் இல்லாத வளையத்தைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டோமா உள்வாங்கியிருந்தால் குவிந்த தட்டு தேவைப்படும், ஆனால் அதை ஸ்டோமா செவிலியர் பார்த்துத்தான் தரவேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

உரிந்த இடத்தை ஆற்றும் வழி: வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். ஈரமாக இருக்கும் இடத்தில் மட்டும் ஸ்டோமா பவுடரைத் தூவுங்கள். ஒட்டியது போக மீதியைத் தட்டிவிடுங்கள். மேலே எரியாத வகை பாதுகாப்புப் படலத்தை ஒற்றி, காயவிட்டுத் தட்டை ஒட்டுங்கள். பவுடரை மூட்டை மூட்டையாகக் கொட்டினால் தட்டு பிடிக்காது. முகத்துக்குப் போடும் பவுடர் இதற்கு ஆகாது.

இந்தப் பவுடரின் முன்னோடி நம் நாட்டுச் சரக்கு என்பது பலருக்குத் தெரியாது. 1950களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர் கராயா கோந்து ஈரத்தோலில் ஒட்டிக் காப்பதைக் கண்டு, அதை ஸ்டோமா நோயாளிகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். அந்தக் கோந்து இந்தியக் காடுகளில் மரத்தைக் கீறி எடுப்பது.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். கனத்தால் தட்டு இழுபடுகிறது. மாற்றுவதற்குச் சரியான நேரம் காலையில் பல் துலக்கிவிட்டுக் காப்பிக்கு முன்.

அறிகுறி: தட்டின் வடிவத்திலேயே சிவப்பு, தாங்க முடியாத அரிப்பு

சிவப்பின் வெளிவிளிம்பு தட்டை வைத்து வரைந்ததுபோல் துல்லியமாக இருந்தால், தட்டோ, அதன் ஓரத்து டேப்போ, அடியில் போட்ட படலமோ தோலுக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்க இடமிருக்கிறது. உண்மையான ஒவ்வாமை நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஆனாலும் பத்து வருடம் ஒரே தட்டை ஒட்டியவருக்கும் பதினோராவது வருடம் வரலாம். தட்டின் ஒரு சிறு துண்டை வயிற்றின் மறுபக்கத்தில் 48 மணி நேரம் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் சிவந்து அரித்தால் பொருளை மாற்றுங்கள். ஒரே நேரத்தில் நான்கு பொருள்களை மாற்றாதீர்கள், எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். எங்கள் பக்கம் தோல் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குக் குரோமிய ஒவ்வாமைக்காக முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனை தெரிந்திருக்கும். இதுவும் விடாமல் தொடர்ந்தால் தோல் மருத்துவர் அதைத்தான் செய்வார்.

ஆனால் வேலூர் மாவட்டத்தில் இருப்பவர் ஒவ்வாமை என்று முடிவு கட்டுவதற்கு முன் இரண்டைச் சந்தேகிக்க வேண்டும்: வெயில், தண்ணீர்.

கத்திரி வெயில் காலத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. மின்சாரம் போன மதியத்தில் தட்டுக்கு அடியில் வியர்வை தேங்கி, பிசின் கூழாகி, தோல் ஊறிப்போகும். ஜனவரியில் நான்கு நாள் நிற்கும் தட்டு மே மாதத்தில் இரண்டரை நாளைத் தாண்டாது. கசிந்த பிறகு மாற்றுவதைவிட, கோடையில் மாற்றும் நாளையே முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். தட்டுகளை ஷீட் போட்ட அறையிலோ, வண்டிப் பெட்டியிலோ வைக்காதீர்கள். ஒட்டும் முன்பே உருகியிருக்கும். பையின் பிளாஸ்டிக் தொடையில் உரசி வேர்க்குரு வருகிறவர்களுக்கு நான் பழைய பருத்தி வேட்டியில் உறை தைத்துத் தருகிறேன். இதில் பாலியெஸ்டர் கலந்தால் பயனில்லை.

தண்ணீர் அடுத்தது. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைத் தோல் ஆலைக் கழிவு கெடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் தீர்ப்பு வந்தது. போர் தண்ணீர் பல ஊர்களில் இன்னும் உப்புதான். அதில் சோப்பு நுரைக்காது. திரிந்து வெள்ளைப் படலமாகத் தோலில் நின்றுவிடும். அதன் மேல் தட்டை ஒட்டினால் பிடிக்காது, அரிக்கும். தட்டு ஒட்டும் இடத்துக்குச் சோப்பே தேவையில்லை. கடைசியாக ஒரு குவளைக் குடிதண்ணீரால் அலசுங்கள். டெட்டால், ஸ்பிரிட், குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்தாள் எதுவும் வேண்டாம்.

அறிகுறி: சின்னச் சின்னப் புள்ளிகள்

ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஒரு முடி இருந்தால் மயிர்க்கால் அழற்சி. சவரக் கத்தியை ஒதுக்கிவிட்டு, மின்சார டிரிம்மரால் முடி வளரும் திசையிலேயே வெட்டுங்கள், வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். தட்டை வெடுக்கென்று பிய்க்காமல், ஒரு கையால் தோலைக் கீழே அழுத்தியபடி மற்றொரு கையால் மெதுவாக உரியுங்கள்.

நடுவே அடர்சிவப்பாக ஈரத்திட்டும், அதைச் சுற்றித் தனித்தனியாகக் குட்டித் திட்டுகளும் இருந்து அரித்தால் கேண்டிடா பூஞ்சை. சர்க்கரை நோயாளிக்கும், அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவருக்கும் அதிகம் வரும். பூஞ்சைக்கொல்லியைப் பவுடராகக் கேளுங்கள். களிம்பு போட்டால் தட்டு நழுவும்.

அறிகுறி: ஓரம் வெட்டியதுபோல் தெளிவான சிவப்புத் திட்டு, எதற்கும் அசையவில்லை

இதுதான் என் கதை. தட்டின் முதுகு சுத்தம். அளவு சரி. தண்ணீரை மாற்றினேன், தட்டின் கம்பெனியை மாற்றினேன். ஸ்டோமாவுக்கு மேலே உள்ளங்கையில் பாதி அளவு சிவப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது. வலியில்லை, அரிப்பு உண்டு. சாக்பீஸால் குறித்துக் கத்திரியால் வெட்டியதுபோல் ஓரம்.

சோரியாசிஸ் எனக்குப் புதிதல்ல. ஆனால் சோரியாசிஸ் என்றால் வெள்ளிச் செதில் உதிரும் என்று மனதில் பதிந்திருந்தது. இங்கே செதிலே இல்லை. தட்டுக்கு அடியில் தோல் எப்போதும் ஈரமாக இருப்பதாலும், ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் செதில் பிசினோடு போய்விடுவதாலும் அது மொழுமொழுவென்று சிவப்பாக மட்டுமே தெரியும் என்பது பிறகு தெரிந்தது. கண்டுபிடித்தது என் மனைவி. ஒருநாள் பை மாற்றும்போது என் முழங்கையைப் பிடித்து வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்து, "என்னங்க, இரண்டும் ஒரே துணியில் வெட்டியதுபோல் இல்லையா?" என்றாள். தையற்காரன் மனைவி.

உங்களுக்கும் ஐயம் இருந்தால் மற்ற இடங்களைப் பாருங்கள்: முழங்கை, முழங்கால், தலையில் முடி தொடங்கும் கோடு, காதுக்குப் பின்னால், இடுப்பின் பின்புறம், தொப்புள், நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள். சோரியாசிஸ் உள்ளவருக்குத் தோல் எங்கே அடிபடுகிறதோ அங்கே புதிய திட்டு கிளம்பும். 19ஆம் நூற்றாண்டில் ஹைன்ரிக் கோப்னர் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். அவருடைய நோயாளி ஒருவருக்குக் குதிரை கடித்த இடத்திலும் பச்சை குத்திய இடத்திலும் திட்டு வந்ததாம். நாம் வாரத்துக்கு இரண்டு முறை ஒரே இடத்தில் பிசினை ஒட்டிப் பிய்க்கிறோம். குதிரையே தேவையில்லை. அதனால் இங்கே உரிக்கும் முறையும் வைத்தியத்தில் பாதி. சிலிகான் வகைப் பிசின் நீக்கி கிடைத்தால் அதைத் தெளித்து உரியுங்கள், இல்லாவிட்டால் வெந்நீரில் நனைத்த துணி.

மருந்து ஸ்டீராய்டுதான், ஆனால் வடிவம் முக்கியம். தட்டு ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப்பசை உள்ள களிம்பு ஆகாது. என் தோல் மருத்துவர் தலைக்குத் தடவும் பீட்டாமெத்தசோன் லோஷனை எழுதித் தந்தார். ஸ்டோமாவின் வாயைப் பஞ்சுத் துணியால் மூடிக்கொண்டு, சில துளிகளைத் திட்டின் மேல் மட்டும் விட்டு, முழுவதும் காயும்வரை காத்திருந்து, பிறகு தட்டு. இந்த லோஷனில் ஆல்கஹால் இருக்கிறது. தோல் உரிந்திருந்தால் எரியும், முதலில் அதை ஆற்ற வேண்டும். தட்டு மாற்றும் நாளில் மட்டும் போட்டேன், மருந்துக்காகத் தட்டைத் தினமும் கழற்றவில்லை. மூன்றாவது வாரத்தில் திட்டு மங்கி மாநிறமானது. அதன் பிறகு அவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார்.

நிறுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த மருத்துவரிடம் போவதற்கு முன்பு ஒரு மருந்துக்கடையில் டியூப் ஒன்றை வாங்கிப் போட்டேன். வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த க்ரீம். பத்து நாளில் மாயம்போல் மறைந்தது. விட்டதும் திரும்பியது, மறுபடி போட்டேன். இரண்டு மாதத்தில் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, தட்டை உரித்தால் கூடவே கிழிந்து வந்தது. பூஞ்சை தனியாகக் குடியேறியது. ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் விதி இறுக்கப்பட்டது. விதி அப்படி இருந்தாலும், டியூபைக் கேட்டு வாங்கியது நான்தான்.

மாத்திரை அளவுக்குப் போனால் இலியாஸ்டமிக்காரர் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை சில உண்டு. சோரியாசிஸுக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிடும் மருந்து. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. நமக்கோ கோடையில் உடம்பில் நீர் வற்றுவது சாதாரணம், அப்போது மருந்து தங்கி நஞ்சாகலாம். வயிற்றுப்போக்குபோல் பை நிரம்பும் வாரத்தில் மாத்திரையைப் போடும் முன் மருத்துவரைக் கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் முழுதாகவே பைக்குள் விழுவதும் உண்டு. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குடல் நோய்க்காக ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிற சோரியாசிஸ்காரர் அதைத் தானாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது; உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளமாகக் கிளம்பலாம். இன்னொரு வினோதம்: குரோன், கோலைட்டிஸ் ஆகிய குடல் அழற்சி நோய்களுக்குப் போடும் இன்ஃப்ளிக்ஸிமாப் வகை ஊசிகள் சோரியாசிஸையும் குணமாக்கும், அரிதாகச் சிலருக்குச் சோரியாசிஸை அவையே கிளப்பியும் விடும்.

அறிகுறி: சின்னப் புண், பெரிய வலி, ஊதா நிற ஓரம்

இந்தப் பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்.

பேரணாம்பட்டுப் பக்கத்துத் தம்பி ஒருவன், ஷூ கம்பெனியில் வேலை, குரோன் நோயால் ஸ்டோமா வைத்தவன். ஸ்டோமாவிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒரு பரு வந்தது. இரண்டு நாளில் உடைந்து புண்ணாயிற்று. மிளகாய் விதை அளவு புண்ணுக்குச் சட்டை பட்டால்கூடத் துடித்தான். அருகிலிருந்த சிறு மருத்துவமனை ஒன்றில் சீழ்க்கட்டி என்று கீறிச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். நான்காம் நாள் புண் பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவு. பத்தாம் நாள் என் கடைக்கு வந்தபோது உள்ளங்கையில் பாதி. ஓரம் நாவல்பழக் கறைபோல் ஊதா. அந்த ஓரத்துக்கு அடியில் பள்ளம் உள்ளே குடைந்துகொண்டு போனது. தைக்காமல் விட்ட மடிப்புக்குள் விரல் நுழைவதுபோல் இடைவெளி தெரிந்தது. நான் எதையும் தொடவில்லை. அவன் அம்மாவிடம், இன்றைக்கே வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் அக்கா என்று மட்டும் சொன்னேன்.

அவனுக்கு வந்தது பயோடெர்மா கேங்கிரினோசம். பெயரைப் பார்த்தால் சீழும் அழுகலும் என்று தோன்றும், இரண்டும் அல்ல. 1930இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் கிருமி என்று எண்ணி வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. இது கிருமியால் வருவதல்ல, உடம்பின் எதிர்ப்பு அணுக்களே தோலைத் தாக்குவது. கோலைட்டிஸ், குரோன் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். அறுவைக்குப் பிறகு சில வாரத்திலும் வரும், பல வருடம் கழித்தும் வரும். இதன் குணம், காயப்படுத்தினால் பரவுவது. கீறினால், சுரண்டினால், அழுகிய தோல் என்று வெட்டினால் இன்னும் பெரிதாகும். சீழ்க்கட்டிக்குச் செய்யும் சரியான வைத்தியம் இதற்கு நேர் எதிர்.

குவிந்த தட்டை ஏன் செவிலியர் பார்த்துத் தரவேண்டும் என்றேனே, அதன் காரணம் இங்கே. அந்தத் தட்டும் இறுக்கிய பெல்ட்டும் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் அந்த அழுத்தமே இந்த நோய் உள்ளவருக்குப் புண்ணைக் கிளப்பப் போதும்.

இதை உறுதிப்படுத்த ஒற்றைச் சோதனை கிடையாது. மற்றவற்றை விலக்கித்தான் வருவார்கள். காசநோய், குரோன் நோயே தோலுக்கு வருவது, புற்று எல்லாம் இதே வேடம் போடும் என்பதால் மருத்துவர் ஓரத்தில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கலாம். கீறக் கூடாது என்று படித்ததை வைத்துக்கொண்டு அதைத் தடுக்காதீர்கள், தெரிந்து எடுப்பது வேறு. சிறிதாக இருந்தால் ஸ்டீராய்டை மேலே போட்டோ ஓரத்தில் ஊசியாகப் போட்டோ, அல்லது டாக்ரோலிமஸ் போட்டோ அடக்கப் பார்ப்பார்கள். பெரிதாக இருந்தால் பிரட்னிசோலோன் (இதுவும் ஸ்டீராய்டு), சைக்ளோஸ்போரின் போன்ற உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள். அடுத்த படி இன்ஃப்ளிக்ஸிமாப். 2006இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் அது இந்த நோய்க்கு உதவுவது காட்டப்பட்டது. நம் நாட்டில் அந்த ஊசிக்கு முன்பு காசநோயும் ஹெபடைடிஸ் பியும் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். உள்ளே தூங்கும் காசநோயை அது எழுப்பிவிடும்.

தம்பிக்கு ஆறுவதற்கு நான்கு மாதம் ஆனது. மாத்திரையோடு, ஈரத்தை உறிஞ்சும் பட்டையைப் புண்ணின் மேல் வைத்து அதற்கு மேல் தட்டையான தட்டை ஒட்டக் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது அந்த இடத்தில் சல்லடைபோல் சிறு குழிகளுள்ள தழும்பு இருக்கிறது. அதுவும் இந்த நோயின் கையெழுத்துதான்.

உலகின் முதல் ஸ்டோமா சிகிச்சைப் பணியாளர் என்று சொல்லப்படும் நார்மா கில், செவிலியராகப் படித்தவர் அல்ல. கோலைட்டிஸோடு இதே புண்ணையும் அனுபவித்து, 1954இல் டர்ன்புல்லிடம் இலியாஸ்டமி செய்துகொண்டவர். பிறகு அவரோடு சேர்ந்து மற்றவர்களுக்குப் பை ஒட்டக் கற்றுக்கொடுக்கப் போனார். அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அந்த அம்மாவுக்கும் சட்டை பட்டால் வலித்திருக்குமா அண்ணா?" என்று கேட்டான்.

மற்றவை, சுருக்கமாக

ஸ்டோமா வழியாகச் சிறுநீர் வரும் யூராஸ்டமிக்காரர்களுக்கு ஸ்டோமாவைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மருமருவாகத் தடித்தால் சிறுநீர் தோலில் படுகிறது, துளை பெரிது என்று பொருள். உப்புப் படிகம் மினுக்கினால் சம அளவு வெள்ளை வினிகரும் தண்ணீரும் கலந்து நனைத்த துணியைச் சில நிமிடம் வைத்தெடுப்பது பழைய, நல்ல வழி. ஸ்டோமாவின் விளிம்பில் செர்ரிப் பழம்போல் சிவந்த குருணைகள் தொட்டால் கசிந்தால் பயப்பட வேண்டாம், செவிலியர் சில்வர் நைட்ரேட்டால் சுடுவார், வீட்டில் முயலாதீர்கள். வெள்ளையாகச் சுருங்கிய திட்டு அரித்தால் லைக்கன் ஸ்க்ளிரோசஸ் என்று ஒன்று உண்டு, அதைத் தோல் மருத்துவர் பார்க்கட்டும். மூன்று மாதமாக ஆறாமல் வளர்கிற எந்தக் கட்டியையும் துண்டெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்லீரல் கெட்டவருக்கு ஸ்டோமாவைச் சுற்றி நீலமும் ஊதாவுமாக ரத்தக்குழாய் வளையம் தெரிந்தால் அது தோல் நோயே அல்ல. அங்கிருந்து ரத்தம் பீறிட்டால் துணியால் அழுத்திப் பிடித்தபடி ஆம்புலன்ஸ். ஸ்டோமாவே கறுத்தாலோ, சிவப்பு வேகமாகப் பரவிக் காய்ச்சல் அடித்தாலோ, ஊதா ஓரம் தெரிந்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள்.

போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை

வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய இடங்களில் தோல் மருத்துவர் ஒரு கட்டடம், குடல் மருத்துவர் ஒரு கட்டடம், ஸ்டோமா செவிலியர் இன்னொரு பக்கம் என்று அலைய வேண்டியிருக்கும். மூவருக்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். கழற்றிய தட்டைக் கழுவாமல் ஒரு ஜிப் கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வெட்கப்படாதீர்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். வாரம் ஒன்றாகக் கைபேசியில் எடுத்த படங்கள், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்திருந்தால் அளவு தெரியும். இதுவரை போட்ட எல்லாவற்றின் பட்டியல், பெரியம்மாவின் மஞ்சள் உட்பட. மாற்றுவதற்கு இரண்டு செட் தட்டும் பையும். அறையில் கழற்றிப் பார்த்த பிறகு ஒட்ட எதுவும் இல்லாமல் துண்டைச் சுற்றிக்கொண்டு காட்பாடி பஸ்ஸில் நின்று வந்தவன் நான்.

கடைச் சுவரில் ஒரு ஆணியில் வாடிக்கையாளர்களின் அளவுக் காகிதங்களைக் குத்தி வைத்திருக்கிறேன். அதன் அடியில் பழுப்புக் காகிதத்தில் வெட்டிய என் வட்டங்களும் தொங்குகின்றன: 40, 35, 31, 28. ஒவ்வொன்றிலும் தேதி. 28இல் பத்து வருடமாக நிற்கிறது. போன சித்திரையில் எடை கூடியதால் முட்டை வடிவம் கொஞ்சம் மாறி, 30க்கு 27 என்று புதிதாக ஒன்று வெட்டிக் குத்தியிருக்கிறேன்.